ஆட்சி மாறினால் ஆள் மாற வேண்டுமா?

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் பலருக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் பந்தாடப்படுவதுதான் நினைவுக்கு வந்திருக்கும். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கிராம ஊராட்சிகளில் மதிப்பூதியத்துக்கு வேலை பார்த்தவர்களின் கதை. 1989-இல் தி.மு.க. அரசு, பத்தாம் வகுப்பு முடித்து வேலையில்லாமல் இருந்த கிராமத்து இளைஞர்களை ‘மக்கள் நலப் பணியாளர்கள்’ என்ற பெயரில் ஊராட்சிகளில் அமர்த்தியது. எழுத்தறிவு, மதுவிலக்குப் பிரசாரம் போன்ற வேலைகள். 1991-இல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, பதவிகள் ஒழிந்தன. 1997-இல், மறுபடியும் தி.மு.க. ஆட்சியில், அவை திரும்பி வந்தன. 2001-இல் அ.தி.மு.க. பதவியேற்ற சில வாரங்களில் ஒழிந்தன. 2006 ஜூனில் வந்தன. 2011 நவம்பரில் மூன்றாம் முறையாக ஒழிந்தன. கடைசி முறை வேலையிழந்தவர்கள் ஏறத்தாழ 13,500 பேர். 1989-இல் இருபது வயதில் சேர்ந்து, கூப்பிட்டபோதெல்லாம் திரும்பி வந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். 2011-இல் அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிக் காலம் வேலையில், பாதிக் காலம் வீட்டில். அவருடைய வருகைப் பதிவேட்டை யாராவது தேடிப் பிடித்தால், அதை வைத்தே தமிழ்நாட்டுத் தேர்தல் முடிவுகளைச் சொல்லிவிடலாம்.

மூன்று முறையும் நீக்கத்துக்குக் காரணமாக யார்மீதும் குற்றம் சொல்லப்படவில்லை. அரசு ஊழியர்கள் ‘செவண்டீன் பி’ என்று பயத்தோடு சொல்வார்களே, குடிமைப் பணிகள் ஒழுங்கு விதிகளின் 17(ஆ) பிரிவில் வரும் அந்தக் குற்றக் குறிப்பாணை இங்கே தேவைப்படவே இல்லை. ஆளை நாங்கள் நீக்கவில்லை, பதவியைத்தான் ஒழித்தோம் என்பது அரசின் வாதம். சட்டப்படி இது வலுவான வாதம். நிர்வாகக் காரணத்துக்காகப் பதவியை ஒழிப்பது தண்டனை ஆகாது, எனவே அதற்கு விசாரணை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1973-இல், கேரளத்து ராமநாத பிள்ளை வழக்கிலேயே சொல்லிவிட்டது. அரசியல் காரணத்துக்காக வேலையைப் பறிக்கக் கூடாது என்ற கொள்கையை மறுப்பவர் நம் நாட்டில் அநேகமாக இல்லை. அந்தக் கொள்கையின் வேலி எங்கே போடப்பட்டிருக்கிறது, ஆடு எந்தப் பக்கம் மேய்கிறது என்பதுதான் கேள்வி.

வேலியை முதலில் பார்த்துவிடுவோம். அரசியல் சட்டத்தின் 310-ஆம் பிரிவு, மத்திய அரசு ஊழியர் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரையிலும், மாநில அரசு ஊழியர் ஆளுநரின் விருப்பம் உள்ளவரையிலும் பதவியில் இருப்பார் என்கிறது. இது இங்கிலாந்து மன்னராட்சியிலிருந்து வந்த சொத்து. அடுத்த பிரிவான 311 அந்த விருப்பத்துக்குக் கடிவாளம் போடுகிறது. நியமித்தவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி நீக்கக் கூடாது; குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பளித்து, விசாரணை நடத்தாமல் நீக்கக் கூடாது. இந்தக் கடிவாளம் ஏன் தேவை என்பதைக் காட்டியதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை அரசு அச்சகத்தில் வேலை பார்த்து நீக்கப்பட்ட வேங்கட ராவ் என்பவரின் வழக்கு 1930-களில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அவர் விஷயத்தில் விசாரணை விதி பின்பற்றப்படவில்லைதான். ஆனால் விதியை மீறியதற்காக அரசின்மீது வழக்குத் தொடுக்கும் உரிமை ஊழியருக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது. விதியில் இருந்தால் போதாது, சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்கு அவர் வழக்கு ஒரு சாட்சி. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 240-ஆம் பிரிவு பதில் சொல்லும் வாய்ப்பைச் சட்டத்துக்குள்ளேயே எழுதியது. 1950-இல் அதன் வாரிசாக 311 வந்தது.

இந்தப் பாதுகாப்பு யாருக்காக? ஊழியருக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சங்கங்கள் அப்படியே பேசுகின்றன, அரசுகளும் ஏதோ சலுகை கொடுத்ததுபோலப் பேசுகின்றன. என் கருத்தில் அது குடிமகனுக்கான பாதுகாப்பு. ஊழியர் வழியாக அவனை வந்தடைகிறது. இதற்கு நான் சொல்லும் சான்று தேர்தல் சட்டம். நம் தெருவில் வீடுவீடாக வந்து வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிறாரே, வாக்குச்சாவடி நிலை அலுவலர், அவர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். பெயரைச் சேர்க்கப் படிவம் வாங்குவதும் ‘இவர் இங்கே குடியிருக்கவில்லை’ என்று குறிப்பு எழுதுவதும் அவர் கை. அப்படிப்பட்டவர்கள் அந்தப் பணியில் இருக்கும் காலம்வரை தேர்தல் ஆணையத்துக்கு அயற்பணியில் வந்தவர்களாகக் கருதப்படுவார்கள், ஆணையத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கே உட்படுவார்கள் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. வாக்குப்பதிவு அலுவலர்களுக்கும் அப்படியே. நாடாளுமன்றம் ஏன் இப்படி ஒரு ஏற்பாடு செய்தது? ஆளும் கட்சியின் கையில் வேலை இருக்கும் ஒருவரின் பேனா நேராக ஓடாது என்று அதற்குத் தெரியும். தேர்தல் நேரத்தில் ஓடாத பேனா மற்ற நாட்களில் மட்டும் எப்படி ஓடும்? பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகைப் பட்டியல், வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பு, நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு எல்லாம் ஐந்து ஆண்டும் நடப்பவை. அவற்றில் பெயர் விடுபட்டவருக்கு அது வாக்குரிமையைவிடச் சின்ன விஷயம் அல்ல.

அந்த அங்கன்வாடிப் பணியாளரைக் கவனியுங்கள். வாக்காளர் பட்டியல் என்ற ஜனநாயகத்தின் அடிவாரத்தையே அவர் கையில் கொடுத்திருக்கிறோம். ஆனால் அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்ல என்று அமீர்பீ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் கூறிவிட்டது. ஆகவே 311 அவருக்கு இல்லை. தலைமைச் செயலகத்தில் கோப்பு நகர்த்தும் உதவியாளருக்கு அது உண்டு. கிராமத்தில் மக்களோடு முகம் பார்த்து வேலை செய்பவருக்கு இல்லை. மதிப்பூதியம், தொகுப்பூதியம், வெளிமுகமை, ஒப்பந்தம், ‘திட்டப் பணியாளர்’ என்று எத்தனையோ பெயர்களில் அரசின் கீழ்த்தட்டு இந்த வேலிக்கு வெளியே வளர்ந்துவிட்டது. கட்சி அரசியல் வேலை பறிப்பது அங்கேதான் நடக்கிறது. ஏனென்றால் அங்கேதான் நடத்த முடியும். ஆந்திரத்தில் 2019-இல் ஜெகன் மோகன் ரெட்டி அரசு ஐம்பது வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தியது. 2024 தேர்தலின்போது அவர்கள் ஓய்வூதியத் தொகை முதலியவற்றை வழங்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் தடுத்தது. அவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் தருவதாக வாக்களித்து வந்த புதிய ஆட்சி, அவர்களின் பணிக்காலத்தை நீட்டிக்கும் ஆணையே நடப்பில் இல்லை என்று சொல்லிவிட்டது. இத்தனை பேரை நீக்க ஒரு கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை. புதுப்பிக்காமல் விட்டால் போதும்.

இங்கே ஒரு கேள்வி எழும், நியாயமான கேள்விதான். கட்சிக்காரர்களுக்குக் கட்சி கொடுத்த வேலையை அடுத்த கட்சி பறித்தால் அதில் என்ன அநியாயம்? மக்கள் நலப் பணியாளர்களைப் பற்றி அ.தி.மு.க. தரப்பு சொல்லிவந்ததும் இதுதான். ஆந்திரத் தன்னார்வலர்கள்மீதும் இதே குற்றச்சாட்டு இருந்தது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வேலையில் சேர்க்கும்போது கட்சி பார்ப்பதும் நீக்கும்போது கட்சி பார்ப்பதும் ஒரே நோய். அமெரிக்க வரலாறு இதை நன்றாகக் காட்டுகிறது. அங்கே 1829-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் பதவிக்கு வந்தது முதல், தேர்தலில் வென்ற கட்சி தபால் நிலையத்திலிருந்து சுங்க அலுவலகம்வரை தன் ஆட்களை நிரப்புவது வழக்கமாயிற்று. 1881-இல் பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான், அவர் இறந்தார். அந்த அதிர்ச்சியில் 1883-இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்ட செஸ்டர் ஆர்தர், நியூயார்க் சுங்க அலுவலகத்தில் அதே கட்சி நியமன முறையில் வளர்ந்து, அதனாலேயே ஒருமுறை பதவி இழந்தவர். வேடிக்கைதான். அந்தச் சட்டம் முதலில் பூட்டியது வெளிவாயிலை அல்ல, நுழைவாயிலை. போட்டித் தேர்வு எழுதித்தான் வர வேண்டும் என்றது, அதுவும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குப் பதவிகளுக்கு மட்டும். தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்ற சட்டப் பாதுகாப்பு 1912-இல்தான் வந்தது. காலியாகும் இடத்தில் தன் ஆளை வைக்க முடியாது என்றால், காலி செய்வதில் பாதி லாபம் போய்விடும் என்பது பெண்டில்டன் சட்டத்தின் உள்ளறிவு. (அந்த நாட்டிலும் பூட்டு நிரந்தரமில்லை. கொள்கை தொடர்பான வேலை செய்வோரைப் பாதுகாப்பிலிருந்து வெளியே எடுக்கும் ஆணை 2020-இல் வந்து, 2021-இல் ரத்தாகி, 2025-இல் திரும்பவும் வந்திருக்கிறது.) சென்னை மாகாணமும் நுழைவாயிலைப் பூட்டும் தேவையை விடுதலைக்கு வெகு முன்பே உணர்ந்தது. நீதிக்கட்சிக் காலத்தில் 1924-இல் பணியாளர் தேர்வு வாரியமும், அந்த ஆட்சிக்குப் பின் 1929-இல் பிற மாகாணங்களுக்கு முன்னோடியாகத் தேர்வாணையமும் இங்கே வந்தன. ஆனால் தேர்வாணையத்தின் வாசலைச் சுற்றிக்கொண்டு போக அரசுகள் பின்னாளில் வெட்டிய பாதைதான் இந்த மதிப்பூதியப் பதவிகள்.

ஆகவே பதவி ஒழிப்பு எல்லாமே அரசியல் பழிவாங்கல் என்று நான் சொல்லவில்லை. நேர்மையான ஒழிப்பு எப்படி இருக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியக்காரர் என்ற பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. சுமார் 23,000 பேர். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் கையில் இருந்த பதவி அது. கிராமத்து நிலத்தின் கணக்கும் அடங்கலும் அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தன. பதவி இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ராஜேந்திரன் வழக்கில் 1982-இல் ஒழிப்பு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தகுதியுள்ள பழையவர்களைப் புதிய பதவிக்குப் பரிசீலிப்பதாகவும் அரசு அங்கே ஒப்புக்கொண்டது. அந்தப் புதிய பதவிதான் இன்றைய கிராம நிர்வாக அலுவலர். இன்று லட்சக்கணக்கானோர் தேர்வாணையத் தேர்வு எழுதிப் போட்டியிடும் பதவி. 1980-ஐயும் 2011-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கையில் 1980 பெரியது. வலியும் அன்று குறைவில்லை. ஆனால் காலியான இடத்துக்கு என்ன வந்தது? 1980-இல் பிறப்பால் வந்தவர் போய்த் தேர்வால் வருபவருக்கு வழி திறந்தது. 2011-இல் எதுவும் வரவில்லை. அந்த வேலைகளை மற்றத் துறைகளே பார்க்கின்றன என்று காரணம் சொன்னார்கள். அது உண்மையானால் 1991-இலேயே உண்மை. பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் ஆட்சி மாறிய பிறகே அது கண்ணில் படுகிறது? இருபது ஆண்டில் மூன்று முறை ஒரே பதவி ஒரே கட்சி ஆட்சியில் ஒழிந்ததும், மூன்று முறையும் அதே மறு கட்சி ஆட்சியில் பிறந்ததும் நிர்வாகச் சீர்திருத்தம் என்று நம்பச் சொன்னால், அது நம் அறிவைச் சற்றுக் குறைவாக மதிப்பிடுவதாகும். அமெரிக்க அனுபவத்துக்கும் ஒரு திருத்தம் இதிலிருந்து கிடைக்கிறது. தன் ஆளை வைக்க இடம் வேண்டும் என்பதற்காக மட்டும் நீக்கம் நடப்பதில்லை. எதிராளியின் ஆள் இருக்கக் கூடாது என்பதற்காகவும் நடக்கும். நுழைவாயிலைப் பூட்டினால் மட்டும் போதாது என்பது அதனால்தான்.

கட்சி நியமனம் என்ற ஆட்சேபத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். ஒருவர் தவறான வழியில் உள்ளே வந்திருந்தால் அந்தத் தவறைத் தனித்தனியே நிரூபித்து நீக்குங்கள். அல்லது எல்லோரையும் ஒரு திறந்த தேர்வுக்கு உட்படுத்தி, தேறியவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்புங்கள். 13,500 பேரில் ஒவ்வொருவரும் கட்சிக்காரர் என்று எந்த விசாரணையும் முடிவு செய்யவில்லை. கட்சிக்காரராகவே இருந்தாலும், பதினோராம் ஆண்டு வேலை செய்யும்போது அவர் அந்த ஊராட்சியின் வேலைக்காரர். பின்வாசல் நியமனங்களை நிரந்தரமாக்கக் கூடாது என்று 2006-இல் அரசியல் சாசன அமர்வு சொன்ன உமாதேவி தீர்ப்பை இந்த இடத்தில் பலர் எடுத்துக் காட்டுவார்கள். அந்தத் தீர்ப்பின் கவலை சரியானது. ஆனால் பின்வாசலைத் திறந்துவைத்த அரசே, அந்த வாசல் வழியாக வந்தாய் என்று ஊழியரைத் தண்டிக்க அதைப் பயன்படுத்தியதுதான் பின்னால் நடந்தது. நீண்டகாலம் வேலை வாங்கிக்கொண்டு கடைசியில் உமாதேவியை நீட்டும் இந்தப் போக்கை உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் கண்டித்திருக்கிறது. தவறு செய்தவர் நியமித்தவர், தண்டனை நியமிக்கப்பட்டவருக்கு. இது எந்த நீதியிலும் சேராது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அது ஜனநாயகத்தின் பெயரால் வருவது. மக்கள் ஓர் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் கொள்கையை நிறைவேற்ற மறுக்கும், இழுத்தடிக்கும், எதிர்க்கட்சிக்குக் கோப்பைக் கசியவிடும் ஊழியர்களை வைத்துக்கொண்டு அந்த ஆட்சி என்ன செய்யும்? வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர். ஊழியருக்கு அந்தக் கடமை இல்லை. கடமை இல்லாதவருக்குப் பாதுகாப்பு, கடமை உள்ளவருக்குக் கைக்கட்டு என்றால் அது மக்களாட்சியா? இதில் உண்மை இருக்கிறது. ஆகவே எல்லாப் பதவிகளுக்கும் ஒரே பாதுகாப்பு என்பதை நான் ஏற்கவில்லை. அமைச்சரின் நேர்முக உதவியாளர், ஆலோசகர், அட்வகேட் ஜெனரல், வாரியத் தலைவர் போன்றோர் ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போவதில் குறை சொல்ல ஏதுமில்லை. அட்வகேட் ஜெனரலை ஆளுநரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது அரசியல் சட்டம். ஆனால் இந்த வாதத்தை நீட்டிக்கொண்டே போனால் எங்கே நிற்கும்? 1990-இல் உத்தரப் பிரதேச அரசு எல்லா மாவட்டங்களிலும் இருந்த அரசு வழக்கறிஞர்களை ஒரே சுற்றறிக்கையால் மொத்தமாக நீக்கியது. அவர்களுடையது ஒப்பந்தப் பணிதானே என்றது அரசு. ஒப்பந்தமானாலும் அரசு மனம்போன போக்கில் நடக்க முடியாது, சமத்துவம் கூறும் 14-ஆம் பிரிவு அங்கேயும் காவல் இருக்கிறது என்று ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையைச் செல்லாததாக்கியது. கொள்கை எது என்பதை ஆட்சி தீர்மானிக்கட்டும். அந்தக் கொள்கையை நிறைவேற்ற மறுத்த ஊழியர்மீது கீழ்ப்படியாமைக்காக நடவடிக்கை எடுக்கட்டும். 311 அதைத் தடுக்கவில்லை. முந்தைய ஆட்சியில் அவர் வேலை பார்த்தார் என்பதையே கீழ்ப்படியாமையாக எண்ணுவதைத்தான் தடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தெருவிளக்கைச் சரிபார்ப்பவருக்கும் சத்துணவு சமைப்பவருக்கும் கொள்கை மாறுபாடு என்ன இருக்க முடியும்? உப்பில் கட்சி கிடையாது.

பாதுகாப்பு கொடுத்தால் வேலை செய்யமாட்டார்கள், லஞ்சம் வாங்குவார்கள் என்ற பேச்சைத் தேநீர்க் கடையிலிருந்து நீதிமன்றம்வரை கேட்கிறோம். லஞ்சம் வாங்கியவரை நீக்க 311 தடையல்ல. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரை விசாரணையே இல்லாமல் நீக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. விசாரணை நடத்த இயலாத சூழ்நிலைக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் இன்னும் இரண்டு விலக்குகள் உண்டு. 1985-இல் துளசிராம் படேல் வழக்கில் அவற்றை நீதிமன்றம் ஏற்றது. ஜம்மு காஷ்மீரில் 2021 முதல் மூன்றாவது விலக்கின் கீழ் ஊழியர்கள் பலர் விசாரணையின்றி நீக்கப்பட்டு வருகிறார்கள். ஆக, அரசுக்கு அதிகாரம் போதவில்லை என்பது சரியல்ல. போதாதது விசாரணையை முடிக்கும் மனம். குறிப்பாணை கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் கோப்பைத் தூங்கவிட்டு, ஓய்வுபெறும் நாளன்று மாலையில் தற்காலிகப் பணிநீக்க ஆணை தரும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. ஓய்வு விழாவுக்கு வாங்கிய மாலை கையில், இடைநீக்க ஆணை பையில். இதில் குற்றவாளிக்கும் தண்டனை இல்லை, நிரபராதிக்கும் நிம்மதி இல்லை. தூங்கும் கோப்பு ஒரு கத்தி. வேண்டாதவரின் தலைக்கு மேல் தொங்கவிடவும், வேண்டியவரின் தலையிலிருந்து எடுத்துவிடவும் உதவும். சோம்பலுக்கும் லஞ்சத்துக்கும் மருந்து, ஆறு மாதத்தில் முடியும் விசாரணை. கட்சிக்கு நீக்கும் உரிமை தருவது மருந்தல்ல. அப்படித் தந்தால், வேலை செய்யாத தன் ஆளை எந்தக் கட்சி நீக்கும்?

விசாரணையைத் தவிர்ப்பதால் வேகம் கிடைக்கிறதா என்பதையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தாயிற்று. 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் பறிக்கப்பட்ட ஓய்வூதியப் பயன்களுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெயலலிதா அரசு ‘டெஸ்மா’ என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தையும், விசாரணையின்றி நீக்க வழிசெய்த அவசரச் சட்டத்தையும் கொண்டு சுமார் 1,70,000 பேரை நீக்கியது. இது கட்சி பார்த்து நடந்த நீக்கம் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் விசாரணை இல்லாத நீக்கம் எப்படி முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனை இந்தியாவில் அபூர்வம். ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. அந்த அளவு கடுமையான தீர்ப்பிலும், பெரும்பாலானோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். மிஞ்சிய ஆறாயிரத்துச் சொச்சம் பேரின் முறையீட்டைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் அமர்த்தப்பட்டார்கள். முதலில் செய்ய வேண்டிய விசாரணை கடைசியில் வந்தது. செலவும் அவமானமும் இரு தரப்புக்கும் மிச்சம்.

மேல்மட்ட அதிகாரிகள் விஷயம் சுருக்கமானது. அவர்களை நீக்க முடியாது என்பதால் மாற்றுகிறார்கள். ‘நிர்வாக நலன் கருதி’ என்ற மூன்று சொற்களே போதும். லட்சுமி ஐயர், ஆனந்தி மணி என்ற இரு பொருளியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒரு பதவியில் சராசரியாகப் பதினாறு மாதம்தான் இருக்கிறார் என்றும், முதலமைச்சர் மாறும்போது மாறுதல்கள் கூடுகின்றன என்றும் கண்டார்கள். இதற்கு எதிரான சட்டக் கொள்கைக்கும் தமிழ்நாடுதான் பிறப்பிடம். தலைமைச் செயலாளராக இருந்த ஈ.பி. ராயப்பா 1972-இல் மாநிலத் திட்டக்குழுத் துணைத் தலைவராகவும், பிறகு விற்பனை வரிச் சட்டங்களை ஆராயும் தனி அலுவலராகவும் மாற்றப்பட்டார். அவர் வழக்கில் தோற்றார், உள்நோக்கம் நிரூபணமாகவில்லை. ஆனால் அதே தீர்ப்பில்தான், மனம்போன போக்கில் அரசு நடப்பதே சமத்துவத்துக்குப் பகை என்ற விளக்கம் பிறந்தது; இன்றுவரை எத்தனையோ பேர் அதைக் கொண்டு வென்றிருக்கிறார்கள். உள்நோக்கத்தை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் அவரே உதாரணம். பஞ்சாபில் முதலமைச்சர் கைரோனின் பகையை நிரூபித்து 1963-இல் வென்ற மருத்துவ அதிகாரி பிரதாப் சிங், அதற்கு ஒலிநாடாப் பதிவுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. முதலமைச்சர் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்யும் வசதி ஊராட்சிப் பணியாளருக்கு இருக்குமா?

அதனால்தான் நிரூபிக்கும் சுமையை மாற்ற வேண்டும் என்கிறேன். ஊழியர் அரசின் மனத்தைத் திறந்து காட்ட வேண்டாம். அரசு தன் காரணத்தைத் திறந்து காட்டட்டும். என்ன ஊதியத்தில் இருக்கிறார் என்பதைப் பார்க்காமல், என்ன வேலை செய்கிறார் என்பதைப் பார்த்து ஒரு சட்டம் வரட்டும். அரசின் பெயரால் குடிமக்களுக்கு நேரடிச் சேவை செய்யும் எவரையும், மதிப்பூதியக்காரரானாலும், எழுதிய காரணம் இல்லாமல் நீக்கவோ புதுப்பிக்காமல் விடவோ கூடாது. ஒரு பதவித் தொகுதியையே ஒழிப்பதானால் அந்த வேலையை இனி யார், எந்தச் செலவில் செய்வார் என்ற அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். புதிய ஆட்சி வந்து முதல் ஓராண்டுக்குள் நடக்கும் ஒழிப்பைத் தேர்வாணையம் போன்ற ஓர் அமைப்பு பார்த்த பிறகே நடைமுறைப்படுத்த வேண்டும். இதற்கு ஈடாக, இந்தப் பதவிகளுக்கு ஆள் எடுப்பதும் விளம்பரம், மதிப்பெண் பட்டியல் என்ற வழியில் மட்டும். ஒன்றில்லாமல் மற்றொன்றைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை, சங்கங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதனால் பணம் செலவாகும் என்பார்கள். நிரந்தரம் ஆக்குங்கள், ஓய்வூதியம் கொடுங்கள் என்று இந்த ஏற்பாடு கோரவில்லை. காரணம் சொல்லுங்கள் என்று மட்டுமே கோருகிறது. அதற்கு ஆகும் செலவு ஒரு தாள்.

மக்கள் நலப் பணியாளர்களின் வழக்கு உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலுமாகப் பத்தாண்டுக்கு மேல் நடந்தது. 2022-இல் தி.மு.க. அரசு, விருப்பமுள்ளவர்களுக்குக் கிராம ஊராட்சிகளில் வேலை உறுதித் திட்டப் பணி ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தை மாதம் 7,500 ரூபாய் மதிப்பூதியத்தில் அளித்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1989-இல் இருபது வயதில் சேர்ந்தவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு. இந்த நான்காவது நியமனமும் அரசாணையில்தான் நிற்கிறது, சட்டத்தில் அல்ல. நாளை வேறோர் ஆட்சி வேறோர் அரசாணையால் இதை எடுத்துவிட்டால், 2011-இல் இல்லாத எந்தப் பாதுகாப்பை அவர் நீதிமன்றத்தில் காட்டுவார்?